மகள் வயிற்றுப் பேரன்

தாவரவியல் பூங்கா வாசலில் இளம் தச்சன் ஒருவனுக்கு உயிரே போவதுபோல இருந்தது. பஸ்ஸில் பர்ஸ் பறிபோயிருந்தது. உள்ளே காதலி காத்திருந்தாள். "இன்னிக்கும் வரலைன்னா எனக்கு வேற மாப்பிள்ளைதான்" என்று சொல்லியிருந்தாள்.

முதியோருடன் வரும் பேரப்பிள்ளைகளுக்கு இலவசம் என்றது பலகை. வரிசையில் நின்ற பெரியவரின் கையைப் பிடித்தான்.

"தாத்தா, என்னை உங்க பேரன்னு சொல்லுங்க. இல்லேன்னா என் வாழ்க்கையே போச்சு!"

அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

காவலாளிக்குச் சந்தேகம். "நிஜமாவே பேரனா? மகன் பிள்ளையா, மகள் பிள்ளையா?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "மகள் வயித்துப் பேரன்."

உள்ளே பெஞ்சில் இருந்தவள் துள்ளி எழுந்தாள். "தாத்தா! ரெண்டு பேரும் ஒண்ணாவா வந்தீங்க?"

தச்சன் சட்டென்று பெரியவரின் கையை விட்டான். "இவ... உங்க பேத்தியா?"

"மகனோட பொண்ணு. உன்னைப் பார்க்கத்தான் என்னையும் வரச்சொன்னா. இவ காட்டின போட்டோவுல பார்த்த மூஞ்சியாச்சேன்னு வாசல்லயே கண்டுபிடிச்சிட்டேன். எனக்கு மகளே கிடையாதுடா. முறை சரியா வரணுமேன்னு அவசரமா ஒருத்தியைப் பெத்துக்கிட்டேன்."