ஏழைக்கு வைத்த துண்டு

குருபரப்பள்ளிப் பக்கத்து மாதா கோயிலில் பிரெஞ்சுச் சாமியார் தம் ஊர் வழக்கப்படி, ஜனவரியில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஒரு மொச்சைக்கொட்டையை உள்ளே வைத்து ரொட்டி சுடச் சொல்வார். மொச்சை கிடைத்தவர் அன்றைக்கு ராஜா. ஒருவர் மேசைக்கடியில் உட்கார்ந்து, மேலே ரொட்டியை வெட்டுபவர் ஒவ்வொரு துண்டுக்கும் "இது யாருக்கு?" என்று கேட்கக் கேட்கப் பெயர் சொல்ல வேண்டும். கடைசித் துண்டை, வாசலுக்கு வரும் ஏழைக்கென்று எடுத்து வைப்பார்கள்.

அந்தத் துண்டுதான் வருஷா வருஷம் காணாமல் போனது. சமையல்காரி லூர்தம்மாவுக்கு, மணியடிக்கும் சவரிமுத்து மேல்தான் சந்தேகம்.

"மாதா மேல சத்தியம், நா தொட்டதில்லக்கா!"

ஐம்பத்துநாலாம் வருஷம் அவனையே மேசைக்கடியில் உட்கார வைத்தாள். பெயர்களைச் சொல்லிவிட்டு வெளியே வந்தவன், தன் துண்டை வாய் நிறையத் திணித்துக்கொண்டான். மொச்சை யாருக்கும் கிடைக்கவில்லை.

மிச்சத் துண்டைத் தூக்கிப் பிடித்து லூர்தம்மா அவனை முறைத்தாள். "இது யாருக்குடா?"

"எனக்குத்தாங்க்கா, எப்பவும்போல" என்றது மேசைக்கடியிலிருந்து ஒரு குரல்.