பாதிச் சுருள்

மின்னடுப்பின் சுருள் அறும்போதெல்லாம் வீட்டுக்காரர் கருகிய துண்டை வெட்டிப்போட்டு, மீதியை முறுக்கி மாட்டிவிடுவார். சுருள் பாதியாகக் குறைந்தும் பால் முன்பைவிடச் சீக்கிரம் பொங்கியது.

"என் சூட்டைப் பார்த்தாயா?" என்றது சுருள்.

மின்பெட்டியிலிருந்த ஃபியூஸ் கம்பி கெஞ்சியது. "வோல்ட் அதே இருநூற்று முப்பதுதான் அண்ணே. உங்கள் தடை நாற்பத்தாறு ஓமாக இருந்தபோது ஐந்து ஆம்பியர் ஓடியது. தடை பாதியானதும் பத்து ஓடுகிறது, வாட்டும் இரட்டிப்பு. அவ்வளவும் என் வழியாகத்தான் வருகிறது. இதற்குமேல் தாங்க மாட்டேன்."

"உழைக்கிறவனைக் கண்டால் உனக்கு வயிற்றெரிச்சல்."

மறுநாள் சுருள் மறுபடி அறுந்து இன்னும் குட்டையானது. அடுப்பைப் போட்டதும் ஃபியூஸ் உருகியது.

"சொத்தைக் கம்பி" என்று வைதபடி வீட்டுக்காரர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எளிதில் உருகாத தடித்த செம்புக் கம்பியைச் சொருகினார். பால் பொங்கியது.

தரையில் கிடந்த ஃபியூஸுக்குச் சுவருக்குள் ஓடும் ஒயர்களை நினைத்துத்தான் பயமாக இருந்தது.