போரை நிறுத்தியவர்

வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்வது: இதில் ஓர் எழுத்துகூடக் கலப்படம் இல்லை. பிளம்பர் ஞானாபரணம் பட்டாளத்தில் இருந்த காலத்தில், பனிமலையில் எதிரி முகாமுக்குப் போன தண்ணீர்க் குழாயை இந்தப் பக்கம் திருப்பிவிட்டு, அவர்களுக்கு டீ போடக்கூடத் தண்ணீர் இல்லாமல் செய்து, போரையே நிறுத்தியவர். அவர் செத்த மூன்றாம் நாள், அதைக் கல்லறைக் கல்லில் வெட்டியே தீரவேண்டும் என்று பட்டாளத்துக் கூட்டாளி அருமைநாயகம் வந்து நின்றார். ஞானாபரணத்தின் பெண்சாதி செல்வபாய் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு அவளும் புருஷனோடு அதே கல்லுக்கடியில்தான் படுக்க வேண்டும். நியாயத்தீர்ப்பு நாளில் அந்தப் பொய்க்கு அவளும் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?

"அடுக்களைக் குழாய நிறுத்தத் தெரியாத மனுஷன், போர நிறுத்துனாராக்கும்," என்றாள். அந்தக் குழாய்க்கு அவர் முப்பது வருஷமாக வாஷர் மாற்றினார். அதுவும் முப்பது வருஷமாகச் சொட்டியது. "பட்டாளத்துக்காரர்தான நீரும்? அந்தச் சொட்ட நிறுத்திக் காட்டும். பொறவு என்ன வேணும்னாலும் வெட்டும்."

"இதெல்லாம் ஒரு வேலையா மைனி," என்று ஸ்பானரோடு உள்ளே போன அருமைநாயகம், அரைமணி நேரத்தில் தலையோடு கால் நனைந்து வெளியே வந்தார். அடுக்களையில் குழாய் பீச்சியடித்துக்கொண்டிருந்தது.

"சரி மைனி. பிளம்பர்னே வெட்டச் சொல்லிருதேன்."

"அதுவும் பொய்தான. பேர மட்டும் போடும்."

பேரை மட்டும்தான் வெட்டினார்கள்.

ஒன்றை மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று: செல்வபாயின் தெருவுக்கு இன்றுவரை குழாய் இணைப்பே வரவில்லை.