தலைவர் இரண்டு வார்த்தை பேசுவார்

பிரின்ஸிபால் மேடையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மைக் செட்காரரின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்ததும் மேடையில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "தலைவர் பேசும்போது ஒரு கரகரப்புகூட வரக்கூடாது. வந்துச்சு, தொலைச்சிடுவேன்" என்று விரலை ஆட்டினார்.

பட்டம் வாங்குவோர் பட்டியலோடு படியருகே நின்ற இயற்பியல் பேராசிரியைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேருக்கு முன்னால் டாக்டர் பட்டம் போட்டுக்கொள்கிற மனுஷன், யாரோ ஒருவருடைய மைக்குக்காகத் தரையில் உட்காருகிறார். தலைவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார் போலிருக்கிறது.

அழைப்பிதழில் பட்டமளிப்பு விழா என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், சமூகத் தலைவர்களையும் முன்னாள் மாணவர்களையும் கௌரவிக்கும் விழா என்று போட்டிருந்தது. ஏழு பேருக்குக் கேடயம் கொடுத்தாயிற்று. ஏழாமவர்தான் தலைவர், கல்லூரிக்கு நூலகம் கட்டிக் கொடுத்தவர், முன்னாள் மாணவரும்கூட. இங்கே படித்தது உண்மை, படித்து முடித்தாரா என்பதுதான் யாருக்கும் தெரியாது.

"மேடம்..." என்று பின்னாலிருந்து ஒரு குரல். தையல் கடை வைத்திருக்கும் அம்மா. அவருடைய இளைய மகள் நாலாவது வரிசையில் கறுப்பு அங்கிக்குள் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். "இந்த வருஷமாவது மேடையில ஏத்திக் குடுப்பீங்களா? போன வருஷம் என் பெரியவளுக்கு ஆபீஸ் ஜன்னல் வழியாத்தான் குடுத்தீங்க. பார்சல் வாங்குற மாதிரி வாங்கிட்டு வந்து ரெண்டு நாள் அழுதா."

"குடுப்போம்மா, போய் உட்காருங்க" என்றார் பேராசிரியை. சொன்னாரே தவிர, அவருக்கே நம்பிக்கை இல்லை.

போன வருஷமும் இதே தலைவர்தான். அவர் பேசி முடிப்பதற்குள், பட்டம் கொடுக்க வந்த பல்கலைக்கழக அதிகாரி ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். இந்த வருஷமும் அதிகாரி பன்னிரண்டரைக்குக் கிளம்பியாக வேண்டும். இப்போது மணி பதினொன்று, காத்திருப்பதோ இருநூறு பிள்ளைகள்.

"இப்போது நம் தலைவர் இரண்டு வார்த்தை பேசுவார்" என்று பிரின்ஸிபால் வளைந்து நெளிந்து அறிவித்தார்.

தலைவர் பேசினார். தான் பிறந்ததைப் பற்றிப் பேசினார், வளர்ந்ததைப் பற்றிப் பேசினார், தான் வளர்ந்ததால் சமூகத்துக்குக் கிடைத்த நன்மைகளைத் தன்னடக்கத்தோடு ஒவ்வொன்றாகச் சொன்னார். அரை மணி நேரம் ரம்பம் போட்டும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை.

பேராசிரியை மெல்ல மேடையேறிக் குனிந்தார். "சார், மணி பதினொன்றரை. கொஞ்சம் முடிக்கச் சொல்லுங்களேன்."

"நானா? அவர்கிட்டயா?" பிரின்ஸிபால் பதறிப்போனார். "நூலகத்துக்கு இன்னும் மாடி கட்டணும் மேடம். பேசாம போய் நில்லுங்க." சொல்லிவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பி, அவர் என்ன சொன்னார் என்றே கேட்காமல் பலமாகத் தலையாட்டினார்.

முதுகெலும்பில்லாத ஜென்மம் என்று பேராசிரியை பல்லைக் கடித்தபடி இறங்கினார். நாலாவது வரிசைப் பெண் திரும்பித் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா 'இரு, இரு' என்று கையைக் காட்டினாலும், அவர் முகம் செத்துப்போயிருந்தது.

பதினொன்று நாற்பதுக்குத் தலைவர் ஆறாம் வகுப்பில் சேர்ந்தார். பிரின்ஸிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இந்த இடத்துல நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்றார் தலைவர். மைக் பட்டென்று செத்தது.

தலைவர் மைக்கைத் தட்டினார், ஊதினார், கடைசியில் தொண்டையை நம்பிக் கத்திப் பார்த்தார். இரண்டாவது வரிசைக்கு மேல் ஒன்றும் போகவில்லை. பேச்சு முடிந்தது என்று நினைத்தோ, முடிந்து தொலையட்டும் என்று நினைத்தோ, பிள்ளைகள் அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். இப்படி ஒரு கைதட்டலை வாழ்க்கையில் கேட்டிராத தலைவர் பூரித்துப்போய்க் கையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பிரின்ஸிபால் பாய்ந்து இறங்கி, மைக் செட்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினார். "யோவ், அறிவிருக்காய்யா உனக்கு? ஐயா பேசும்போதா இப்படி? உன்னையெல்லாம் எவன்யா இந்த வேலைக்கு வரச்சொன்னது?"

"ஆம்ப்ளிஃபையர் சூடாயிடுச்சு சார். ஆறுறதுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும்" என்று அவர் தலையைத் தொங்கப்போட்டார்.

"நல்லா வந்து வாய்ச்சய்யா! மேடம், வேடிக்கை பார்த்தது போதும், பேரை நீங்களே கத்திக் கூப்பிட்டுப் பட்டத்தை ஆரம்பிங்க" என்று பேராசிரியையின் மீதும் எரிந்து விழுந்தார்.

இருபது வருஷமாகக் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பாடம் நடத்திய குரல் அது. இருநூறு பேரையும் ஒருவர் விடாமல் மேடையேற்றியது. தையல் கடை அம்மாவின் மகள் ஏறியபோது, அந்த அம்மா நாற்காலி மேலேயே ஏறி நின்று, "என் பொண்ணு! அது என் பொண்ணு!" என்று கத்தினார். பேராசிரியைக்கும் கண் கலங்கி, அடுத்த பெயர் ஒரு நொடி தெரியவில்லை. கடைசிப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு அதிகாரி கிளம்பியபோது மணி பன்னிரண்டு இருபத்தெட்டு.

கூட்டம் கலைந்ததும் பேராசிரியை மேடைக்குப் பின்னால் போனார். பாவம் அந்த மைக் செட்காரர், அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டார். அவருக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். கையோடு பிரின்ஸிபாலைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லித் தீர்க்க வேண்டும்.

அங்கே பிரின்ஸிபாலே நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு காபி. ஒன்றை மைக் செட்காரரிடம் நீட்டினார்.

"திட்டினதை மனசுல வெச்சுக்காதீங்கண்ணே" என்றார். "அடுத்த வருஷம் இவ்வளவு நேரம் வேணாம், பத்தே நிமிஷத்துல வயரைப் புடுங்கிடுங்க."