வேனுக்கு ஒரு மெத்தை

"வேனுக்குள்ள போடற மெத்தையா? தடிமன் கம்மியா எடுங்கம்மா. இல்லன்னா எழுந்து உட்காரும்போது கூரையில தலை இடிக்கும்" என்றார் மெத்தைக் கடைக்காரர்.

அந்த அம்மாள் கூச்சமே இல்லாமல் மெத்தையில் ஏறிப் படுத்தார். "நீயும் வந்து படுடி. உன் முதுகுக்கும் ஒத்துவரணும்ல?"

கூட வந்த பெண் சிரித்துக்கொண்டே பக்கத்தில் படுத்துப் புரண்டு பார்த்தாள்.

அம்மாளின் கைப்பேசி அடித்தது. மகன். அவன் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"இந்த வயசுல வேன்ல ஊர் சுத்தணுமாம்மா? சொந்தக்காரங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"கண்ணை மூடிக்கோ."

"அவளோட போனீங்கன்னா திரும்ப என் வீட்டுப் படி ஏறக் கூடாது!"

"வேன்லயே படி இருக்குடா" என்று சொல்லி அம்மாள் இணைப்பைத் துண்டித்தார். "இதையே ரெண்டு பேர் படுக்கிற அளவுக்கு வெட்டிக் கொடுங்க."

கடைக்காரர் தயங்கினார். "பையன் இவ்வளவு கோபப்படறாரே. பொண்ணை மட்டும் அனுப்பிட்டு நீங்க வீட்டுலயே இருக்கலாமேம்மா?"

"பொண்ணு இல்லீங்க, மருமக. போன வருஷம் என் பையன் இவளை விவாகரத்து பண்ணிட்டான்."

"அப்புறமும் இவங்க கூடவா போறீங்க?"

"பண்ணினது அவன்தானே? நான் பண்ணலையே!"