சரியா கேக்கலை

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போன சுடலையின் வழக்கில், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் நேரில் வரவில்லை. கோர்ட்டுச் சுவரில் மாட்டிய திரையில், சென்னையிலிருந்து சாட்சி சொன்னார். "வயிற்றில் மது வாடை இருந்தது. போதையில் தவறி விழுந்திருக்கலாம்." சுடலையை இறக்கிவிட்ட காண்டிராக்டர் கூண்டுக்குள் மெல்ல நிமிர்ந்தான்.

சுடலையின் மனைவி இசக்கியம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். அன்றைக்கு இந்த டாக்டர் பிணவறைக்குள் போகாமல், மூக்கைப் பொத்திக்கொண்டு மரத்தடியிலேயே நின்றதைப் பார்த்தவள் அவள். "அய்யா, இவரு என் வீட்டுக்காரரத் தொடக்கூட இல்லய்யா!"

அரசு வக்கீல் திரையைப் பார்த்துக் கேட்டார். "டாக்டர், உடலை நீங்களே அறுத்துப் பார்த்தீங்களா?"

"சரியா கேக்கலை."

மூன்று முறை கேட்டும் அதே பதில். அதுவரை எல்லாம் கேட்ட காதுதான்.

இசக்கியம்மாள் விறுவிறுவென்று போய்க் கேமராவுக்கு நேராக நின்றாள். "கேக்காட்டி போவட்டும். என் மூஞ்சி தெரியுதுல்லா? மரத்தடியில உம்ம கால்ல விழுந்தேனே, ஞாபகம் இருக்கா?"

பெண் போலீஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை. திரையில் டாக்டரின் தலை கவிழ்ந்தது.

"அவங்கள விடுங்க," என்றார் நீதிபதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.