மாமன் கட்டும் பட்டம்

"பொண்ணுக்குத் தாய்மாமன்தான் பட்டம் கட்டணும். அத மட்டும் மாத்த முடியாது" என்றாள் பூங்காவனம், மாப்பிள்ளையின் அம்மா.

பெண்ணைப் பெற்ற பரந்தாமன் வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தார்.

காலையிலிருந்து கல்யாணப் பேச்சு வழுக்கிக்கொண்டுதான் போனது. பந்தல் யார், மேளம் யார், சமையல் யார், எல்லாம் முடிந்தது. நகையைப் பற்றி அந்த அம்மாள் வாயே திறக்கவில்லை. "ரேடியோ செட்டு வெச்சா வெய்யுங்க, வெக்காட்டி போங்க" என்றுவிட்டாள். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார்கூட வேண்டாமாம். கொரட்டூரில் ரயில் ஏறி ஆவடியில் இறங்கிச் சேக்காட்டுக்கு நடந்தே வந்துவிடுவார்களாம்.

டாங்கி பேக்டரியில் வேலை பார்க்கிற நமக்கு இப்படி ஒரு சம்பந்தியா என்று பரந்தாமன் பூரித்துப்போயிருந்தார். அந்த நேரம் பார்த்து இந்தப் பட்டம் குறுக்கே வந்து நின்றது.

மணவறையில் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் தாலி. ஊர் வழக்கம், யார் இல்லையென்றது? ஆனால் தாய்மாமன் வர முடியாவிட்டால், மாமன் முறையுள்ள வேறொருத்தர் கட்டுவதும் உண்டுதானே.

"என் மச்சான் கன்னியப்பன் பம்பாயில கீறான் சம்பந்தியம்மா. லீவு கெடைக்காது. என் சம்சாரத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி ராமன் கீறான். அவன் கட்டட்டுமே."

"கூடப்பொறந்தவரு கீறப்போ ஒண்ணுவிட்ட தம்பி எதுக்கு? தந்தி குடுங்க. அவரு வர்ற தேதியில முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

"அவன் வர ஆறு மாசம் ஆவும்."

"ஆவட்டும். ஆறு மாசம் கழிச்சு வெச்சுக்கலாம்."

பூங்காவனத்தின் புருஷன் லட்சுமணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரந்தாமன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனார். அங்கே அவர் மனைவி வரலட்சுமி, கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா இந்தப் பொம்பள உடும்புப் புடியா நிக்குது?" என்றார் பரந்தாமன்.

"யாரோ வத்தி வெச்சுட்டாங்க. இதையே சாக்கா வெச்சு வெட்டிவுடப் பாக்குது. நகை வேணாம், கார் வேணாம்னு சொல்லும்போதே எனக்கு திக்குன்னுச்சு."

"ஒந் தம்பியால எம் பொண்ணு கல்யாணம் நிக்கப் போவுது, பாத்துக்கோ."

விஷயம் இதுதான். கன்னியப்பன் பம்பாயைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. டி.பி. வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து குணமானவன். 'இனி ஒன்றும் இல்லை, எல்லாரோடும் இருக்கலாம்' என்று டாக்டரே சொல்லி அனுப்பினார். டாக்டர் சொன்னால் ஆச்சா? ஊர் நம்ப வேண்டாமா? ஊர் கிடக்கட்டும், அக்கா வீடே நம்பவில்லை. கொல்லையில் ஓர் ஓலைக் கொட்டாய், தனிப் பாய், தனித் தட்டு.

பெண் பார்க்க வந்த அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, "அவங்க போனப்புறம் வாடா" என்று அவனை ஏரிக்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா பெண் நாகம்மாவைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். "சரிக்கா" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அந்த "சரிக்கா"தான் வரலட்சுமியைக் காலையிலிருந்து அறுத்துக்கொண்டிருந்தது.

டம்ளரை வைத்தாள். ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள். பரந்தாமன் "ஏய், ஏய்" என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

"பம்பாயும் இல்ல ஒண்ணும் இல்ல, சம்பந்தியம்மா. எந் தம்பி இங்கதான் ஏரிக்கரையில குந்திகினு கீறான். அவனுக்கு டி.பி. இருந்துச்சு. இப்ப நல்லாயிட்டான். நாங்கதான் மறைச்சோம். நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

பூங்காவனம் எழுந்தாள். தீர்ந்தது, செருப்பு மாட்டப் போகிறாள் என்று பரந்தாமன் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் வாசல் பக்கம் போகவில்லை, கொல்லைப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஓர் அலுமினியத் தட்டு. கன்னியப்பனுடைய தட்டு.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, கை கழுவப் போனப்பவே பாத்தேன். கொட்டாய் ஓலையில சொருகி வெச்சிருந்துச்சு. யாருதுன்னு ஒங்க பொண்ணக் கேட்டேன். எங்க மாமாதுன்னு சொல்லி எல்லாத்தையும் கொட்டி அழுதுடுச்சு. கட்டுனா இந்தப் பொண்ணத்தான் எம் புள்ள சம்பத்துக்குக் கட்டணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

பரந்தாமன் கண்ணைத் திறந்தார். "அப்ப... எல்லாம் தெரிஞ்சுகினுதான் கேட்டீங்களா?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். மொதல்ல ஆள் அனுப்பி அவரக் கூப்புடுங்க. அவரு வந்து குந்துனப்புறம் தேதி குறிக்கலாம். அவருதான் பட்டம் கட்டணும். பந்தியில எம் பக்கத்து எலையில அவரு ஒக்காந்து சாப்புடணும்."

"ஒங்களுக்கு பயமா இல்லியா?" என்றாள் வரலட்சுமி.

லட்சுமணன் கூரையை விட்டுவிட்டு இப்போது தரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

பூங்காவனம் அந்தத் தட்டை முந்தானையால் துடைத்து, கூடத்து அலமாரியில் இருந்த மற்றத் தட்டுகளோடு அடுக்கினாள்.

"இன்னா பயம்? சம்பத்து கைக்கொழந்தையா இருந்தப்போ எங்க ஊட்டுக் கொல்லையிலயும் இப்டி ஒரு தட்டு இருந்துச்சு. அதுல துன்னவ நான்தான்."